காதறுந்த யானை

கையெழுத்துப் போடுவதில்லை என்று கத்தரீனாள் முடிவு செய்து மூன்று நாள் ஆகியிருந்தது. முடிவு செய்தவளுக்குத் தூக்கம் நன்றாக வந்திருக்க வேண்டும். வரவில்லை என்பது வேறு கதை.

விஷயம் இதுதான். எஸ்டேட்டில் தேயிலைக் கொழுந்து எடுத்தவளுக்கு ஐம்பத்தெட்டு வயதானால் வேலையோடு, லயம் என்கிற தொழிலாளர் வரிசையில் கம்பெனி கொடுத்த வீடும் போய்விடும். குடும்பத்தில் பேர் பதிந்த தொழிலாளி யாராவது, இவள் என் பொறுப்பு, என் வீட்டில் இருப்பாள் என்று ஆபீஸ் காகிதத்தில் கையெழுத்துப் போட்டால் மலையில் இருக்கலாம். இல்லையென்றால் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான். கத்தரீனாளின் சித்தி சூசையம்மாளுக்கு ஐம்பத்தெட்டு முடிந்து ஒரு மாதம் ஓடிவிட்டது. தவணை இன்று, சனிக்கிழமை, சாயங்காலம் நாலு மணி. தேயிலைப் பெட்டி ஏற்றிய கம்பெனி லாரி மூணாறுக்குப் புறப்படுவதும் நாலு மணிக்குத்தான். கையெழுத்து விழாவிட்டால் சூசையம்மாள் அந்த லாரியில் ஏறி, மூணாறில் போடி பஸ் பிடித்து, திருநெல்வேலிப் பக்கம் தான் பிறந்த ஊருக்குப் போய்ச் சேர வேண்டும். அங்கே அவளுக்கு இருப்பது ஒரு குட்டிச்சுவரும், முகம் தெரியாத அண்ணன் பேரன்களும்.

அவளுக்குப் பெற்ற பிள்ளை கிடையாது. அக்காள் மகள் கத்தரீனாள் ஒருத்திதான். அக்காள் செத்த மறு வருஷம் அக்காள் புருஷன் சகாயத்துக்கே வாழ்க்கைப்பட்டு, தாயில்லாத இந்தப் பெண்ணை வளர்த்தவள் சூசையம்மாள். வளர்த்தாள் என்று லயத்து ஜனம் சொல்லும். கத்தரீனாள் வாயில் அந்த வார்த்தை வராது. பேன் பார்க்கச் சோம்பல்பட்டுத் தலையை மொட்டையடித்தாள், பள்ளிக்கூடத்துக்கு அடித்து விரட்டினாள், அம்மாவின் சேலையைக் கிழித்துத் தலையணைக்கு உறை தைத்தாள் என்று அவளிடம் ஒரு ஜாபிதாவே இருந்தது. எல்லாவற்றுக்கும் மேலே, அம்மா காய்ச்சலில் கிடந்தபோது பக்கத்தில் இருந்தவள் சித்தி. அம்மா போனாள், சித்தி இருந்தாள். ஆறு வயதில் அது எப்படிப் பதிந்ததோ அப்படியே முப்பத்துமூன்று வயதிலும் கிடந்தது.

கையெழுத்துக் கேட்டுச் சித்தி வரவும் இல்லை. வந்து ஒரு வார்த்தை கேட்டிருந்தால் முகத்துக்கு நேரே மாட்டேன் என்று சொல்லி மனசு ஆறியிருக்கலாம். அந்தச் சுகத்தைக்கூட அந்தக் கிழவி கொடுக்கவில்லை. கத்தரீனாளின் புருஷன் அந்தோணி, ஒன் சித்தி, ஒன் பாடு என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு ஒதுங்கிவிட்டான்.

இந்த நெருக்கடிக்கு நடுவில்தான் படம் வந்தது.

வெள்ளைக்காரத் துரைமார் உட்கார்ந்து குடித்த கிளப்பைக் கம்பெனி காலி செய்துகொண்டிருந்தது. அலமாரியைத் திறந்தால் பழைய படப் பெட்டிகளும் ஓட்டுகிற மிஷினும் கிடந்தன. திங்கட்கிழமை எல்லாம் ஏலத்துக்குப் போகிறது. அதற்கு முன் லயத்துப் பிள்ளைகளுக்கு ஒரு தடவை காட்டிவிடலாம் என்று மேனேஜருக்குத் தோன்றியிருக்கிறது. ஓட்டத் தெரிந்த ஒரே ஆள் ஆபீஸ் கிளார்க் ராஜாராமன். பாலக்காட்டுக் கல்பாத்திக்காரர், விதி தவறாதவர். சித்தியின் காகிதமும் அவர் சட்டைப் பையில்தான் இருந்தது. என்ன படம் என்று கத்தரீனாள் கேட்டதற்கு, ஏதோ யானைக் கார்ட்டூன் என்று சொன்னார். அந்த நிமிஷம் அவளுக்கு மறுபடியும் ஆறு வயதாகிவிட்டது.

நாற்பத்தொன்பதாம் வருஷக் கிறிஸ்துமஸ். அம்மாவைப் புதைத்து நாற்பது நாள்கூட ஆகவில்லை. காலையில் ஆள் கணக்கெடுக்கிற மஸ்டர் மைதானத்தில் வேட்டியைத் திரையாகக் கட்டிப் படம் காட்டினார்கள். மிஷினுக்குப் பக்கத்தில் நின்றவர் அப்பா சகாயம். துரைமாருக்குப் படம் ஓட்டுகிற வேலை அவருக்கு. பேச்சில்லாத படம், பாட்டும் வாத்தியமும் மட்டும். கையால் வரைந்த யானைகள், ஆனால் நிஜ யானையைவிட நன்றாக நடந்தன. ஆற்றில் வெள்ளம் வருகிறது. இரண்டு யானைகள் தண்ணீரில் முட்டி மோதுகின்றன. ஒன்றை ஆறு கொண்டுபோகிறது. மற்றது கிழிந்து தொங்கும் காதோடு கரையேறிக் குட்டியை நெட்டித் தள்ளி மலைக்குக் கூட்டிக்கொண்டு போகிறது. குட்டி உதைக்கிறது, அழுகிறது, வேறு வழியில்லாமல் போகிறது. பிறகு ஏதோ இங்கிலீஷ் எழுத்து வந்து மறையும். அப்பா ரீல் மாற்றுவார். மாற்றியதும் மஞ்சள் வெயில், புல்வெளி. குட்டி கண்ணை விழிக்கிறது. பக்கத்தில் தாய் நிற்கிறது. ஆறு விழுங்கிய தாய் திரும்பி வந்துவிட்டது. குட்டியும் தாயும் ஓடிப் பிடித்து விளையாடி, சாயங்காலம் ஆற்று ஓரத்தில் இறங்கி, தாய் தும்பிக்கையால் குட்டியைக் குளிப்பாட்டுகிறபோது படம் முடியும்.

அன்று அவள் அழவில்லை. போன தாய் வரும் என்று கண்ணால் பார்த்த பிறகு எதற்கு அழ வேண்டும்? இரண்டு வருஷம் அவள் லாரி வரும்போதெல்லாம் எட்டிப் பார்த்தாள். அதுவரை உயிரைப் பிடித்து வைத்தது அந்தப் படம்.

ஆறு வருஷம் அதே படத்தைக் கிறிஸ்துமஸுக்குக் கிறிஸ்துமஸ் போட்டார்கள். இரண்டாவது வருஷம் சித்தி வீட்டுக்குள் வந்திருந்தாள். பாம்படம் போட்டு வளர்த்த காது சித்திக்கு. இடது காதில் தோள்வரை தொங்கும் சதை என்றோ அறுந்து இரண்டாகப் பிரிந்து ஆடும். திரையில், தாயை ஆற்றில் தள்ளிய அந்தக் கெட்ட யானை கரையேறியதும் ஏழு வயதுக் கத்தரீனாள் எழுந்து நின்று, எங்க சித்தி என்று கூவினாள். மைதானமே சிரித்தது. அன்றிலிருந்து அந்த யானைக்குப் பேர் காதறுந்தா. சித்திக்கும் அதே பேர். யானை திரைக்கு வந்ததும் நூறு பிள்ளைகள், போ, போ, காதறுந்தா போ என்று ஊளையிடும். சித்தி ஒவ்வொரு வருஷமும் அப்பாவின் மிஷினுக்குப் பின்னால் உட்கார்ந்து அதைக் கேட்டாள்.

இப்போது கத்தரீனாள் பிள்ளைக் காப்பகத்தில் ஆயா. அழுகிற பிள்ளைக்கெல்லாம் அவள் சொல்வது இந்தக் கதைதான். காதறுந்தாவை விரட்டுகிற பாட்டும் சேர்த்துச் சொல்லிக்கொடுத்திருந்தாள்.

கிளப் ஹாலில் ஜன்னல்களுக்குக் கம்பளியைத் தொங்கவிட்டு இருட்டாக்கியிருந்தார்கள். இரண்டரைக்குத் தொடங்க வேண்டியது. மிஷின் விளக்கு எரிய மறுத்து மூன்றேகால் ஆகிவிட்டது. பிள்ளைகள் தரையில் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். ராஜாராமன் பெட்டியைத் திறக்கும்போது கிளப் வாட்ச்மேன் குருசாமி குறுக்கே வந்தார். சகாயம் காலத்தில் மிஷினுக்குக் கையாளாக நின்றவர்.

“சாரே, ரெண்டாவது ரீலைத்தான் மொதல்ல போடணும். அப்படித்தான் வழக்கம்.”

ராஜாராமன் மூடியைத் தட்டிக் காட்டினார். “இதிலே ஒண்ணுன்னு போட்டிருக்கே. ஒண்ணைத்தானே முதல்லே போடணும்? இதென்ன வழக்கமாக்கும்!”

கிழவன் மத்தியானமே சாராயக்கடைப் பக்கம் போய்வந்துவிட்டான் என்று கத்தரீனாள் நினைத்துக்கொண்டாள். ராஜாராமன் அவள் பக்கம் திரும்பி, நாலு மணி வரைக்கும்தான் காகிதம் தன் கையில் இருக்கும், அப்புறம் மேலே போய்விடும், கேட்டேளா என்றார். அவள் காதில் வாங்காதவள் மாதிரித் திரையைப் பார்த்தாள். கடிகாரத்தையும் பார்த்தாள்.

மிஷின் கடகடவென்று ஓட ஆரம்பித்தது. மஞ்சள் வெயில் வந்தது. புல்வெளி வந்தது. குட்டி கண்ணை விழித்தது.

கத்தரீனாளுக்கு முதலில் கோபம்தான் வந்தது. கடைசியில் வர வேண்டியதை முதலிலேயே போட்டுத் தொலைத்துவிட்டாரே இந்த மனுஷன்! பிள்ளைகள் திரும்பித் திரும்பி அவளைப் பார்த்தன. “ஆயாம்மா, தாய் யானை அதுக்குள்ள வந்துட்டா?” என்று ஒன்று கேட்டது. பேசாமல் பார் என்று அதட்டினாள். தாயும் குட்டியும் விளையாடின. கூட்டத்தில் இன்னொரு யானையும் இருந்தது. முழுக் காது உள்ள யானை. தாயோடு தோளுரசி நடந்தது, தாய் தூங்கும்போது குட்டிக்கு நிழலாக நின்றது, குட்டி சேற்றில் விழுந்தபோது தாய்க்கு முந்தித் தும்பிக்கை நீட்டியது. சின்ன வயதில் அவள் இந்த யானையைக் கவனித்ததே இல்லை. யாரோ ஒரு யானை என்று விட்டிருந்தாள்.

சாயங்கால ஆறு, குளியல், அதோடு ரீல் முடிந்தது. அவளுக்கு உயிராக இருந்த அந்தக் கடைசிக் காட்சி, கடைசிக் காட்சியே இல்லை. படம் இன்னும் பாதி இருந்தது. மிச்சப் பாதியில் என்ன இருக்கிறது என்று அவளுக்கு வரிசையாகத் தெரியும். ராஜாராமன் அடுத்த ரீலைக் கோக்க ஆரம்பித்தார். மணி மூன்று முப்பத்தைந்து.

எழுந்து குருசாமியிடம் போனாள். எங்கப்பா தெரியாமல் மாற்றிப் போட்டுவிட்டாரா மாமா என்று கேட்டாள்.

“தெரியாமலா? சகாயண்ணன் கண்ணைக் கட்டிவிட்டாலும் ரீலு மாத்துற ஆளு தாயி. ஒங்க சித்திதான் மாத்திப் போடச் சொன்னா.”

அவள் அவர் முகத்தையே பார்த்தாள். குருசாமியிடம் சாராய வாசனை எதுவும் இல்லை. அந்த முதல் கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் இதே ஹாலில் மிஷினை ஓட்டிச் சோதித்துப் பார்த்தார்களாம். சூசையம்மாள் அக்காள் புருஷனுக்குச் சோறு கொண்டுவந்தவள், கதவோரம் நின்று முழுப் படத்தையும் பார்த்திருக்கிறாள். தூக்குச்சட்டி கையில் இருந்தபடியே நின்றாளாம்.

“தாய் போயி நாப்பது நாளு ஆகல, இதப் பாத்தா பிள்ளை அழுவாளே அத்தான், பின்னால உள்ளத முன்னால போடுங்க, தாயோட முடியட்டும்னா. அப்பல்லாம் ஒங்கப்பாவுக்கு அவளக் கெட்டுற நெனப்பே கெடையாது.”

“எனக்கு யாரும் சொல்லலையே மாமா.”

“சொன்னா படம் கெட்டுப்போகும்னு எங்க ரெண்டு பேர்கிட்டயும் சத்தியம் வாங்கிட்டா. மறு வருஷம் நீங்க ஊளையிட்டப்ப சகாயண்ணனுக்கே மனசு கேக்கல. இனிமே சரியாப் போட்டுருவமான்னு கேட்டாரு. வேண்டாம், பிள்ளை ஆசையாப் பாக்கு, பாக்கட்டும்னுட்டா.”

விளக்கு அணைந்தது. அவள் நின்ற இடத்திலேயே நின்றாள்.

வெள்ளம் வந்தது. இத்தனை வருஷமாகப் படத்தின் தொடக்கம் என்று அவள் நினைத்திருந்த வெள்ளம். தாய், குட்டியைக் கரைக்கு உந்திவிட்டுத் தண்ணீரோடு போகிறது. கரையிலிருந்து ஒரு யானை ஆற்றில் பாய்கிறது. முழுக் காது உள்ள யானை. சேற்றில் தும்பிக்கை நீட்டிய அதே யானை. தாயை முட்டுகிறது, மோதுகிறது; தள்ளுவதற்கு இல்லை, முட்டுக்கொடுத்து நிறுத்துவதற்கு. மரம் ஒன்று மிதந்து வந்து அதன் காதைக் கிழித்துக்கொண்டு போகிறது. அப்போதும் விடவில்லை. ஆறுதான் விடவைக்கிறது. முதல் ரீலை முதலில் பார்க்காத அந்த நாளைய நூறு பிள்ளைகள், நடுவில் நுழைந்து தீர்ப்பு எழுதியிருந்தார்கள். தலைமை நீதிபதி கத்தரீனாள்.

காதறுந்த யானை கரையேறியது.

“போ, போ, காதறுந்தா போ!” என்று அவளுடைய பிள்ளைகள், அவள் சொல்லிக்கொடுத்த ராகத்தில், கைகொட்டிக் கூவின.

இருபத்தாறு வருஷம் அந்தச் சத்தத்தை அவள் போட்டிருக்கிறாள், போட வைத்திருக்கிறாள், இன்றைக்குத்தான் கேட்டாள். மிஷினுக்குப் பின்னால் உட்கார்ந்து கேட்டால் எப்படி இருக்கும் என்று இன்றைக்குத்தான் தெரிந்தது. சும்மா இருங்க என்று சொல்ல வாயைத் திறந்தாள். சத்தம் வரவில்லை, அழுகைதான் வந்தது. வெட்கத்தில் உடம்பு எரிந்தது.

குட்டி உதைத்தது. காதறுந்த யானை உதையை வாங்கிக்கொண்டு நின்றது. குட்டி ஓடியது, பின்னாலேயே போயிற்று. கடைசியில் மலையுச்சியில் மழை. குட்டி நடுங்கிக்கொண்டே வந்து அதன் வயிற்றுக்கு அடியில் ஒதுங்கியது. அந்த இங்கிலீஷ் எழுத்து வந்தது. எட்டாம் வகுப்பு வரை அடித்துப் படிக்க வைக்கப்பட்ட கத்தரீனாள் அதை இப்போது படித்தாள். முடிந்தது என்று எழுதியிருந்தது.

மணி மூன்று ஐம்பத்திரண்டு. கம்பளியைக்கூட நீக்கவில்லை, அதற்குள் அவள் ராஜாராமன் முன்னால் நின்றாள்.

“சாரே, காகிதம்.”

அவர் மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்த்துவிட்டுப் பையிலிருந்து எடுத்துப் பிரித்தார். எங்கே ஒப்பு இட வேண்டும் என்று விரலால் காட்டினார். மிஷின் வெளிச்சத்தில் கத்தரீனாள் கையெழுத்துப் போட்டாள். உறவு என்ற இடம் காலியாக இருந்தது. அதில் என்ன எழுத என்று அவர் கேட்டதற்கு நின்று பதில் சொல்ல நேரம் இல்லை.

கிளப் மேட்டிலிருந்து பாக்டரி முக்கால் மைல். பாதி வழியில் கீழே லாரி உறுமுகிற சத்தம் கேட்டது. பனிமூட்டம் இறங்குகிறது என்று டிரைவர் ஐந்து நிமிஷம் முன்னதாகவே கிளப்பிவிட்டான். ரோட்டு வழியே போனால் பிடிக்க முடியாது. கத்தரீனாள் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தேயிலைச் செடிகளுக்குள் நேராக இறங்கினாள். செடிக்கொம்பு முழங்காலைக் கீறியது, ஒரு இடத்தில் விழுந்து பத்தடி சறுக்கினாள். லாரி சத்தம் வலப்பக்கம் கேட்டது, பிறகு இடப்பக்கம் கேட்டது, பிறகு பனியில் எந்தப் பக்கம் என்றே தெரியவில்லை. மாதாவே, மாதாவே என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே வளைவில் குதித்து நடு ரோட்டில் கையை விரித்து நின்றாள்.

லாரி முழத் தூரத்தில் நின்றது. டிரைவர் அவள் பரம்பரையை விசாரித்தான். அவள் பின்பக்கம் ஓடினாள்.

தேயிலைப் பெட்டிகளுக்கு நடுவே, மடியில் கை வைத்து, தகரப் பெட்டியோடு சித்தி உட்கார்ந்திருந்தாள். அறுந்த காது காற்றில் ஆடியது.

“எறங்கு சித்தி. கையெழுத்துப் போட்டுட்டேன்.”

“ஒன்கிட்ட யாரு கேட்டா?” என்றாள் சூசையம்மாள். குரலில் பழைய கடுப்பு அப்படியே இருந்தது. “லயத்துல நாலு பேரு நாலு சொல்லிருவாகன்னு போட்டிருப்ப. அந்தக் கஞ்சி எனக்கு எறங்காது. டிரைவரே, வண்டிய எடுங்க.”

கிழவி சொன்னால் சொன்னதுதான் என்று கத்தரீனாளுக்குத் தெரியும். டிரைவர் ஹாரன் அடித்தான். லாரி ஓரடி நகர்ந்தது. பின்பலகையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அவளும் கூட நடந்தாள். மன்னிப்புக் கேட்கலாம் என்றால் எங்கிருந்து தொடங்குவது என்று தெரியவில்லை. மூச்சு வாங்கியது. வாயில் வந்ததைச் சொன்னாள்.

“கிளப்புல யானைப் படம் போட்டாக. ஒண்ணாவது ரீலை மொதல்ல போட்டாக சித்தி.”

லாரி நகர்ந்தது, கத்தரீனாள் நடந்தாள். பிறகு சூசையம்மாள் கையால் லாரிப் பக்கத்தைத் தட்டினாள். வண்டி நின்றது. குனிந்து கத்தரீனாளின் முகத்தைக் கிட்டத்தில் பார்த்தாள். செடி கீறிய கன்னத்தை, வீங்கிய கண்ணை.

“அழுதியா?”

“அழுதேன்.”

“அதுக்குத்தான மாத்திப் போடச் சொன்னேன்” என்று எரிந்து விழுந்தாள் சித்தி. முந்தானையால் அவள் முகத்தை அழுத்தித் துடைத்தாள், வலித்தது. அப்புறம் தகரப் பெட்டியைப் பலகை ஓரத்துக்குத் தள்ளினாள்.

“இந்தா, பெட்டியப் பிடி. கீழ போட்டுராத.”